கொட்டகையில் மட்டும் ஓடுகிற வண்டி

கண்டென்சரை அளக்க மைக்ரோஃபாரட் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். ஒன்று போதும் என்கிறான் ஒருத்தன். இரண்டரை இல்லாமல் வண்டியில் பொறியே வராது என்கிறான் இன்னொருத்தன். மூன்றாமவன் அரையே அதிகம் என்று வீடியோ போட்டிருக்கிறான். அதற்குக் கீழே ஒரு ஊரே கூடி அவனைத் திட்டியிருக்கிறது. நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். அரியர் வைத்துத்தான் பாஸ் செய்தேன், அது வேறு கதை. படித்ததெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வடிகஞ்சியோடு போய்விட்டது. இப்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னால் நான் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

என் பெயர் பிரின்ஸி. குடவாசலிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கணவர் அருள்பிரகாஷ் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் என் மாமியார் இருதயம்மாளும்தான். பன்னிரண்டு மா நிலத்தை நான்தான் பார்க்கிறேன். நாற்றங்காலுக்குப் போக, ஆள் கூப்பிட, உரம் தூக்கிவர எல்லாவற்றுக்கும் எனக்கு இருந்தது ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. குத்தாலத்திலிருந்து என் அப்பா சீரோடு சேர்த்துக் கொடுத்தது. "மோதிரம் மாப்பிள்ளைக்கு, வண்டி பொண்ணுக்கு" என்று அவர் சபையில் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பரீட்சைக்கு நான்தான் பின்னாடி உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டேன்.

போன பங்குனியில் விழுந்தேன். உளுந்து அறுப்புச் சமயம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் உடையட்டும் என்று தார் ரோட்டில் செடியைப் பரப்பிவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நானும் பரப்பியிருக்கிறேன், யாரைக் குறை சொல்ல? ஐயனார் குளத்து வளைவில் அந்தச் செடிமேல் பிரேக் பிடித்துவிட்டேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது கை முறிந்து மாவுக்கட்டு. வண்டிக்கு முன்விளக்குதான் கழன்று தொங்கியது. நான் படுத்துக்கிடந்தபோது அத்தையே அதைத் தூக்கி மாட்டி ஸ்குரூவைத் திருகிவைத்தார். கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வாரமே அவர் பூண்டி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். என்னவோ மந்திரித்து வாங்கி வந்திருப்பதாகச் சொன்னார். கை வலியில் இருந்த நான், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், மொதல்ல எனக்கு மாத்திரையக் குடுங்க" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக வாசலில் நின்ற வண்டியை உதைத்தேன். உதைத்தேன், உதைத்தேன், கால்தான் வலித்தது. மெக்கானிக் துரைராசு அண்ணன் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "பொறியே வரலம்மா. சி.டி.ஐ. பாக்ஸ் போச்சு" என்றார். "இந்த வண்டிக்கு இப்ப பாக்ஸே வர்றதில்ல. விடு, நான் பார்ட்ஸுக்கு எடுத்துக்கிறேன்." உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஹாக்ஸா பிளேடால் பாக்ஸை அறுத்தார். கறுப்புத் தார் மாதிரி ஒன்று அடைத்து வைத்திருந்தது. அதோடு அந்த பாக்ஸுக்குக் காரியம் ஆயிற்று.

என் கணவருக்கு இது வாய்ப்பாகப் போய்விட்டது. வீடியோ காலில் நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "போதும் பிரின்ஸி, வித்துடு" என்றார்.

"விக்கமாட்டேன். ரிப்பேர் பண்ணுவேன்."

"நீயா?"

அந்த 'நீயா' இருக்கிறதே, அதுதான் எனக்கு மண்டையில் ஏறிவிட்டது. "ஏன், நான்தான். பாக்ஸ நானே செஞ்சு மாட்டுறேன், பாக்குறீங்களா?"

அவர் சிரித்தார். "சரி. குறுவை அறுப்புக்கு லீவுல வர்றேன். நான் வர்றப்ப அது ஓடுனா உன் இஷ்டம். ஓடலைன்னா துரைராசு எடுத்துக்கிட்டுப் போகட்டும். அப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேசமாட்டேன்" என்றேன். வாய் இருக்கிறதே, அதற்கு எப்போதும் என்னைவிட அவசரம்.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து விஷயம் ஓரளவு பிடிபட்டது. வண்டியின் காந்தச் சக்கரம் சுற்றும்போது ஒரு கம்பிச் சுருளில் கரன்டை உண்டாக்கிக் கண்டென்சரில் தேக்குகிறது. எஸ்.சி.ஆர். என்று மூன்று காலோடு ஒரு சின்னச் சாமான் அதை மறித்து நிற்கிறது. நேரம் வந்ததும் எஸ்.சி.ஆர். திறந்துவிடும், தேங்கினதெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் போய்ப் பிளக்கில் பொறி விழும். வாய்க்காலில் தண்ணீரைத் தேக்கி மடையைத் திறந்துவிடுகிற சங்கதிதான். தேக்குகிற இடம் எவ்வளவு பெரிசு இருக்கவேண்டும் என்பதில்தான் உலகமே அடித்துக்கொள்கிறது.

தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே எலெக்ட்ரானிக் சாமான் கடை கல்லாவில் இருந்தவள் ரிஃப்கா. அவளுடைய அண்ணன் கடை. அவன் இல்லாத நேரமெல்லாம் இவள்தான்.

"கண்டென்சர் வேணும்மா. ஒரு மைக்ரோ, நானூறு வோல்ட்."

"குப்பி மாதிரி வேணுமா, மிட்டாய் மாதிரி வேணுமாக்கா?"

"எது நல்லது?"

"எதுக்குப் போடுறீங்க?"

"வண்டிக்கு. சி.டி.ஐ. செய்யுறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்ஸா வாங்கிப் போட்டுடுங்களேன்."

"பாக்ஸ் வர்றதில்ல."

"அப்ப வண்டிய மாத்துங்க."

"ஏன் தாயி, ஃபேன் ஓடலைன்னு வந்தா வீட்ட மாத்தச் சொல்லுவியா?"

சிரித்துவிட்டாள். அப்புறம்தான் வழிக்கு வந்தாள். "குப்பியில பிளஸ் மைனஸ் இருக்கு, மாத்திப் போட்டா வெடிக்கும். இந்தப் பிரவுன் மிட்டாய்க்கு அதெல்லாம் இல்ல. ஆனா இது அறுநூறு வோல்ட்டுக்கு மேல உள்ளதுதான் இருக்கு."

"அதிகமா இருந்தா கெடுதலா?"

"வோல்ட் தாங்குறது அதிகமா இருந்தா நல்லதுதான். மைக்ரோ அதிகமா இருந்தாத்தான்..."

"இருந்தா?"

"தெரியலக்கா. நான் படிச்சது பி.காம்."

இரண்டையும் வாங்கினேன். கரன்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடில் ஒரு கைப்பிடி, எஸ்.சி.ஆரில் சும்மா இருக்கட்டும் என்று இரண்டு. சோப்பு டப்பாவில் எல்லாவற்றையும் அடக்கி வைத்துப் பற்றவைத்தேன். முதலில் குப்பி. மாட்டுக் கொட்டகைச் சிமெண்ட் தரையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு உதைத்தேன். மூன்றாவது உதைக்கு 'டர்ர்ர்' என்று பிடித்துக்கொண்டது! புகையும் சத்தமுமாகக் கொட்டகையே அதிர்ந்தது. கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. நானும்தான் துள்ளினேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் பார்க்கட்டும் என்று வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் மணல், சென்டர் ஸ்டாண்டு புதையும். சைடு ஸ்டாண்டு போட்டுச் சாய்த்து நிறுத்தி உதைத்தேன். ஒன்றுமில்லை. செத்த பாம்பு.

சரி, குப்பிதான் துரோகி என்று மிட்டாயைப் பற்றவைத்தேன். அவசரத்தில் கண்டென்சரில் விரல் பட்டு, தேள் கொட்டினதுபோல் ஒரு அடி வாங்கினேன். "சேசு மரி சூசையே!" என்று அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். மிட்டாயும் கொட்டகையில் ஓடியது, வாசலில் படுத்துவிட்டது. வெயிலில் சூடாகிறது போல என்று நினைத்து ஈரத்துணி சுற்றினேன். எஸ்.சி.ஆரை மாற்றினேன். டையோடை மாற்றினேன். ஒவ்வொன்றையும் மாற்றினதும் கொட்டகையில் ஓடும், 'ஆ, இதுதான் குற்றவாளி' என்று நான் தொடையைத் தட்டுவேன், வாசலுக்கு வந்ததும் அது பல்லைக் காட்டும். ஒருநாள் கொட்டகையிலேயே கிளப்பி, ஏறி உட்கார்ந்து, தெருவில் ஓட்டிக்கொண்டு போனேன். மாதா கோயில் முனையில் இடது பக்கம் வளைத்தேன், 'டப்' என்று நின்றுவிட்டது. நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வந்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"வெளிய கொண்டாந்தா கண்ணு படுதுடி" என்றார் அத்தை.

"கண்ணு பட்டா கரன்ட் போவுமா அத்தை?"

"ஏன் போவாது? நீ என்னத்தக் கண்ட?"

கடைசியாக ஒரு வீடியோக்காரன் ஃபேன் கண்டென்சர் போடு, இரண்டரை மைக்ரோ, அதுதான் ராஜா என்றான். அன்றைக்குத் தஞ்சாவூர் போக எனக்குப் பொறுமை இல்லை. அத்தை அறை ஃபேனில் ஒன்று இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். எதுவும் கேட்காமல் அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"வேற வாங்கிப் போட்டுடுறேன் அத்தை."

"போடு, மெதுவாப் போடு. எனக்கு வேர்வை புதுசா? வண்டி ஓடட்டும்."

அந்தக் கண்டென்சர் சோப்பு டப்பாவில் அடங்கவில்லை. டிபன் டப்பாவுக்கு மாறினேன். அதுவும் கொட்டகையில் ராஜாதான், வாசலில் பிச்சைக்காரன். இதற்குள் குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. அத்தை பனை விசிறியோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பிடும்போதும் சட்டியைப் பார்த்து மைக்ரோஃபாரட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றுமட்டும் யாரும் கவனிக்கவில்லை. அத்தனை நாளில் ஒருதரம்கூட நான் வண்டியை ஐயனார் குளத்துப் பக்கம் திருப்பவில்லை. முதலில் பாக்ஸ் சரியாகட்டும், அப்புறம் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் கணவர் வந்து இறங்கினார். பெட்டியை வைத்து, முகம் கழுவி, காபி குடித்து முடிப்பதற்குள் துரைராசு அண்ணன் லோடு ஆட்டோவோடு வாசலில் நிற்கிறார். வரச்சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

"எங்க, ஸ்டார்ட் பண்ணு பாப்போம்" என்றார் என் கணவர்.

உதைத்தேன். வேர்க்க வேர்க்க உதைத்தேன். அக்கம்பக்கத்து வாசலில் தலைகள் முளைத்தன.

"கொட்டகையில ஓடுச்சுங்க! சத்தியமா ஓடுச்சு!"

"நமக்கு ரோட்டுல ஓடுற வண்டிதான் வேணும் பிரின்ஸி. கொட்டகையில ஓடுறதுக்கு மாடு இருக்கு."

துரைராசு அண்ணன் சிரிக்காமல் இருக்கப் பாவம் பாடுபட்டார்.  அழுதால் மானம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்றேன். சொன்ன சொல் சொன்னதுதான். அவரும் லோடு ஆட்டோக்காரருமாக முன் சக்கரத்தைத் தூக்கினார்கள்.

"நில்லுப்பா, நில்லுப்பா!" அத்தை கையில் ஸ்குரூடிரைவரோடு உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என் சுரூபத்த எடுத்துக்கிட்டு அப்புறம் தூக்குங்க."

"என்ன சுரூபம்மா?" என்றார் என் கணவர்.

"பூண்டி மாதா சுரூபம்டா. சாமியார் மந்திரிச்சுக் குடுத்தது. மந்திரிச்சத வண்டியோட சேத்து வித்தா பாவம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அது எங்க இருக்கு அத்தை?"

அவர்கள் வண்டியைக் கீழே இறக்கியதும், அவர் என்னைப் பார்க்காமல் முன்விளக்கின் ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தார். "லைட்டுக்குள்ள. நீ விழுந்து படுத்திருந்தப்பக் கட்டுனேன். வெளிய கட்டுனா நீ பிச்சு எறிஞ்சுடுவ."

விளக்கு கழன்று வந்தது. அது உட்கார்ந்திருந்த இரும்புக் குடத்துக்குள்தான் வண்டியின் வயர்களெல்லாம் சேருகிற இடம். நடுவில் ஒரு வெள்ளைச் சங்கிலி, அதில் காசு மாதிரி ஒரு மாதா. வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்ததால் மாதாவும் இடது பக்கம் சாய்ந்து, உறை கிழிந்த ஒரு கறுப்பு வயரின் மூட்டில் முதுகைக் கொடுத்து, மறுபக்கம் குடத்தின் இரும்பில் ஒட்டிக்கொண்டு இருந்தார். அந்த வயர் எது என்று எனக்குத் தெரியும். வண்டியை அணைக்கிற சுவிட்சுக்குப் போகிற வயர். அது இரும்பைத் தொட்டால் பொறி வராது. சுவிட்சு செய்கிற வேலையே அதுதான்.

சுரூபத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் எரிந்திருந்தன. சென்டர் ஸ்டாண்டில் மாதா நேராகத் தொங்கியிருக்கிறார். சைடு ஸ்டாண்டிலும் இடது வளைவிலும் போய்த் தொட்டிருக்கிறார். ஐயோ, ஐயோ. குப்பியும் நல்லது. மிட்டாயும் நல்லது. துரைராசு அண்ணன் அறுத்துப்போட்ட பாக்ஸும் நல்லது.

சாய்ந்து நின்ற வண்டியை அப்படியே உதைத்தேன். ஒரே உதை. டிபன் டப்பா பாக்ஸோடு அது கத்திய கத்தலில் லோடு ஆட்டோ மேலே உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது.

துரைராசு அண்ணன் தலையைச் சொறிந்தார். "அப்ப அந்த பாக்ஸு..."

"நல்லாத்தான் இருந்திருக்குண்ணே."

"இருந்திருக்கலாம்" என்றவர், லோடு ஆட்டோக்காரரைப் பார்த்து, "நீ கெளம்புப்பா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்? அரை வருஷம்! கண்டென்சர் கண்டென்சர் என்று பைத்தியம் பிடித்து அலைந்தேனே! அத்தையைப் பார்த்துத் திரும்பினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ விழக்கூடாதுன்னுதான் நேர்ந்துக்கிட்டேன்" என்றார். "அன்னையிலேருந்து நீ விழவே இல்லடி. மாதா கேட்டுட்டான்னு நெனச்சேன்."

"வண்டியே ஓடலையே அத்தை, எங்கேருந்து விழுறது?"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அவருடைய கை முந்தானையைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தது. 

"சரி, ஓடுதுல்ல. பேச்சு பேச்சுதான்" என்றார் என் கணவர். "போ, ஐயனார் குளம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வா. உன் பாக்ஸ் எவ்வளவு தூரம் தாங்குதுன்னு பாப்போம்."

விளையாட்டாகத்தான் சொன்னார்.  எத்தனை மைக்ரோ, எத்தனை வோல்ட் என்று கேட்டுத் திரிந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இடது கை மணிக்கட்டு தானாக வலித்தது. கிளம்பாமல் நின்றேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த உறைமேல் டேப் சுற்றி விளக்கை மாட்டினேன். சுரூபத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

"நானும் வர்றேன்" என்றார்.

"நீங்களா? நீங்க வண்டியில ஏறவே மாட்டீங்களேம்மா!" என்று அவர் மகன் வாயைப் பிளந்தார். அத்தை அதற்குள் என் தோளைப் பிடித்து, ஒருக்களித்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மாதா கோயில் முனையில் இடது பக்கம் வளைத்தேன். நிற்கவில்லை. அப்புறம் குளத்துச் சாலையில் திரும்பியதும் அறுப்பு மெஷின் இறங்கின வயல்கள் பக்கத்தில் ஓடின. வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான்தான் ஓடவில்லை. ஐயனார் குளம் கண்ணில் பட்டதும் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. வளைவு முழுக்க, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, ஈர நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர் எங்கோ சாப்பிடப் போயிருப்பார் போல, ஆள் இல்லை.

வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். 

"என்னடி, பாக்ஸா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. பயமா இருக்கு."

முதல்தரமாக வாயைத் திறந்து சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதமும் பாக்ஸ் சரியாகக்கூடாது என்று எனக்குள்ளேயே எவளோ ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "என்னால முடியாது அத்தை, திரும்பிடலாம்" என்றேன்.

அத்தை வண்டியைவிட்டு இறங்கினார். புளியமரத்தில் நெல் தள்ளுகிற பலகை சாத்தியிருந்தது. அதை எடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளைவின் இந்த முனையில் பலகையை ஊன்றி, நெல்லை இரண்டு பக்கமும் ஒதுக்க ஆரம்பித்தார். வண்டி போகிற அகலத்துக்குக் கறுப்புத் தார் தெரிந்தது. குனிந்து குனிந்து, மூச்சு வாங்க, ஒரு நெல்மணி தரையில் தங்காமல் தள்ளினார். பலகை நகரும்போதெல்லாம் மணிக்கட்டில் சுரூபம் கட்டையில் மோதிச் சத்தம் கேட்டது.

பாதி வளைவில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்காமலே, "வா" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டேன். அவர் தள்ளிக்கொண்டே முன்னால் நடந்தார். நான் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, அவர் பின்னால் மெதுவாகப் போனேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நிற்கவில்லை.